மூன்றாவது நகல்

1

இந்த ஆகஸ்டோடு நான் ஹைதராபாத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சாத்தூரிலிருந்து யாராவது வந்தால், "இதென்ன வெளிநாடா, ஒரு நாள் ரயில்தானே" என்பார்கள். உண்மைதான். பாஸ்போர்ட் வேண்டாம், விமானம் வேண்டாம், தயிர்சாதம் கெடுவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் கடைப் பலகையில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாமல், பல்வலிக்கு மருந்து வேண்டும் என்று தாடையைத் தொட்டுக் காட்டி முதல் வருடத்தை ஓட்டியவனுக்கு, அது வெளிநாடுதான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர் நண்பர்களுக்கு நீளமாக ஒன்று எழுதுவது என் வழக்கம். மழை எப்படி, மாம்பழம் எப்படி, மகள் என்ன படிக்கிறாள் என்று போகும். இந்த முறை எழுத வேறு விஷயம் இருக்கிறது. போன வாரம் செவ்வாய்க்கிழமை நண்பகலில், ஏழு வருடத்து ரத்தப் பரிசோதனை அறிக்கைகளை நானே அழித்தேன். பயப்பட வேண்டாம், எல்லாம் திரும்பி வந்துவிட்டன. நான்தான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

2

என் வேலை மாதாப்பூரில். சில ஆஸ்பத்திரிகளின் பதிவுகளைப் பராமரித்துக் கொடுக்கும் நடுத்தரமான ஒரு கம்பெனி. யார் வந்தார்கள், என்ன நோய், என்ன சோதனை என்று எல்லாம் ஒரு பெரிய டேட்டாபேஸில் இருக்கிறது. கட்டம் போட்ட பெரிய பேரேடுகள் நிறைந்த ஓர் அறை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேரேட்டையும் நாங்கள் டேபிள் என்போம். தினமும் அந்த அறை முழுவதையும் அப்படியே பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பதற்குப் பெயர் பேக்கப். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பவன் நான். கவலைப்படுவதற்கே சம்பளம் கொடுக்கும் வேலை உலகத்தில் உண்டென்று தெரிந்ததும் என் அப்பா, "உனக்கின்னே செஞ்சு வச்சிருக்கான்" என்றார்.

பேக்கப் நள்ளிரவில் தானாகவே தொடங்கிவிடும். முன்பெல்லாம் நான்கு மணிக்கு முடிந்துவிடும். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது போனில் 'முடிந்தது' என்ற செய்தி காத்திருக்கும். அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் பாலை அடுப்பில் வைப்பேன். இரண்டு வருடமாக அது ஐந்தானது, ஆறானது. ஜூலையில் எட்டரையைத் தொட்டது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளி கவுண்டர் திறந்துவிடும். ஒரே அறைக்குள் பிரதி எடுப்பவனும் பெயர் பதிய வந்தவனும் முட்டிக்கொள்வார்கள். டோக்கன் போடும் திரை சுற்றிக்கொண்டே இருக்கும், வரிசை வாசல் வரை நிற்கும்.

இதே நேரத்தில்தான் என் மகள் அனுவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை சேர வேண்டும். வியாழன் மதியம் செகந்திராபாத்தில் ரயில். மூன்று டிக்கெட்டும் உறுதியாகிவிட்டன. அவளை ஹாஸ்டல் அறை வரை கொண்டுபோய் விட்டு, ஜன்னல் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டுமே என் ஆசை. மேனேஜரிடம் லீவு கேட்டேன். அவர் என்னைவிட எட்டு வயது இளையவர், நல்ல மனிதர். தொடர்ந்து மூன்று நாள் பேக்கப்பை ஏழு மணிக்குள் முடித்துக் காட்டுங்கள், பிறகு ஒரு வாரம் நிம்மதியாகப் போய்வாருங்கள் என்றார். செவ்வாய், புதன், வியாழன் என்று நான் விரல் விட்டு எண்ணினேன்.

3

வீட்டில் வேறொரு பிரதி வேலை நடந்துகொண்டிருந்தது.

என் மனைவி லலிதா ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்தார். கம்பெனி பஸ் சத்தத்தை வைத்து மணி சொல்லும் குடும்பம். அவர்கள் பேசுவதும் தமிழ்தான், ஆனால் அதில் ஹவ், நக்கோ, கைக்கு எல்லாம் உப்புப் போல் கரைந்திருக்கும். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. கல்யாணமான புதிதில் இந்த மூன்றையும் கற்றுக்கொண்டேன். குடும்பம் நடத்த அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அனுவுக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கிலோ ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ வரும். தமிழ் எழுத்தை ஒரு கோடை விடுமுறையில் நான் கற்றுக்கொடுத்தேன். அடுத்த விடுமுறைக்குள் பாதி உதிர்ந்துவிட்டது. இப்போது அவள் தமிழ்நாட்டில் படிக்கப் போகிறாள் என்றால், நான் தமிழ்நாட்டுக்காரன்தான் என்று அரசாங்கம் ஒரு தாளில் சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக ஜூனில் ஊருக்குப் போனோம். தாலுகா ஆபீஸில் இருந்த அம்மாள் பொறுமையானவர். அப்பா பிறந்தது இங்கே, அம்மா பிறந்தது அங்கே, பெண் பிறந்தது செகந்திராபாத்தில் என்று வரிசையாக எழுதிக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டு அனுவைப் பார்த்தார்.

"தமிழ் பேசுவியாம்மா?"

"ஹவ்" என்றாள் அனு.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "ஆமாங்கிறா" என்று மொழிபெயர்த்தேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது.

கல்லூரிக் கடிதத்தில் சான்றிதழ்களின் 'அசலும் இரண்டு நகல்களும்' கொண்டுவர வேண்டும் என்று தமிழில் இருந்தது. நகல் என்றால் என்ன என்று அனு கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ஹிந்தியில் அது பரீட்சையில் பார்த்து எழுதுவது. காலேஜே காப்பி அடிக்கச் சொல்கிறதா என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. நான் விளக்கினேன். விளக்கியதோடு நிற்காமல் இரண்டுக்குப் பதில் நான்கு நகல் எடுத்து, நான்கு கோப்புகளில் போட்டு, நான்கையும் அவள் பெட்டிக்குள் வைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் நாள் முழுவதும் அந்த ஒரே வார்த்தைதான். நகலில் கையெழுத்துப் போட்டாயா, நகல் எந்தப் பையில், பெட்டி தொலைந்தால் நகல் எங்கே. அனு ட்யூஷனுக்குப் போனால் சேர்ந்துவிட்டாளா என்று அவளுக்கு ஒரு போன், அவள் தோழிக்கு ஒரு போன், திரும்பும் நேரத்தில் வாட்ச்மேனுக்கு ஒரு போன் என்று ஏற்கெனவே பழகிய வீடு என்பதால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

"மூணாவது ஃபைல் நக்கோ, நாலாவது ஃபைல் நக்கோ" என்றாள் லலிதா. "பொண்ணு துணி வைக்க இடம் வேணும். கைக்கு இத்தனை டென்ஷன்?"

4

ஆபீஸில் பேக்கப் ஏன் மெதுவாகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரும்பாலோர் நெட்வொர்க் என்றார்கள். எங்கள் தொழிலில் தெரியாத வியாதிக்கெல்லாம் நெட்வொர்க் என்று பெயர். என்னோடு வேலை பார்க்கும் அஃப்ரோஸ், பழைய ஹைதராபாத்தில் பிறந்தவள், முப்பது வயது, எதற்கும் பதறாதவள். அவளும் நானும் ஊகத்தை ஒதுக்கிவிட்டு அளக்க உட்கார்ந்தோம்.

பேக்கப் என்பது மூன்று வேலை. வாசிப்பது, சுருக்குவது, கொண்டுபோய் எழுதுவது. எது மந்தம் என்று தெரியாமல் எதையும் மாற்றக்கூடாது. முதலில் ஒரு பெரிய கோப்பைத் தனியாக அதே கம்பி வழியாக அனுப்பிப் பார்த்தோம். ஜோராகப் போய்ச் சேர்ந்தது. நெட்வொர்க் நிரபராதி. அடுத்து சுருக்குவதை நிறுத்திப் பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கவுண்டர்கள் மூடியிருந்தபோது, எல்லாவற்றையும் வாசி, ஆனால் எங்கும் எழுதாதே என்று சொல்லி ஓட்டினோம். எனக்குப் பிடித்த சோதனை இது. மூட்டை இறக்க இடமே இல்லாத லாரியை ஊர் சுற்றவிடுவது போல. அதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆனது. ஆக, சிக்கல் வாசிப்பதில்தான். டிஸ்க் பழுதோ என்று அதன் வேகத்தை அளந்தால், புதிதாக வாங்கியபோது இருந்த அதே வேகம்.

மந்தமாக ஓடியவர் யாருமில்லை. ஓட வேண்டிய தூரம்தான் இரண்டு மடங்காகியிருந்தது.

நோயாளிகள் அப்படிப் பெருகவில்லையே என்று டேபிள்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தினோம். அஃப்ரோஸ் திரையைப் பார்த்து மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தாள். பட்டியல் நெடுக மனிதர்களின் பெயர்கள்.

இதைச் சொல்ல வேண்டும். எந்தப் பேரேட்டிலும் திருத்தம் செய்வதற்கு முன், அதை அங்கேயே ஒரு பிரதி எடுத்து, அதன் வாலில் தன் பெயரையும் தேதியையும் ஒட்டிவைப்பது எங்கள் குழுவின் பழக்கம். திருத்தம் தப்பானால் பிரதி காப்பாற்றும். சரியாகிவிட்டால் அழித்துவிட வேண்டும். எடுக்க எல்லாரும் நினைவு வைத்திருந்தார்கள். அழிக்க ஒருவரும் இல்லை. கனடா போன பூஜாவின் பிரதிகள் இருந்தன. வேலையை விட்டு மாந்தோப்பு பார்க்கப் போன கிரணுடையவை இருந்தன. மூன்றே மாதம் இருந்துவிட்டுப் போன ஒருவர் பதினோரு பிரதி விட்டுப் போயிருந்தார். இந்தப் பழக்கத்தைக் குழுவில் புகுத்தியவன் நான். புதிதாக வருகிற எல்லாரிடமும் காப்பி எடுக்காமல் கை வைக்காதே என்று முதல் நாளே சொல்வேன்.

அஃப்ரோஸ் விரலால் திரையில் எண்ணிக்கொண்டே வந்தாள்.

"ஆதே தோ ஆப்கேச் ஹை, சார்" என்றாள். பாதி உங்களுடையதுதான்.

தினமும் நாங்கள் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது நோயாளிகளின் பதிவுகளை மட்டும் அல்ல. எங்களுடைய பத்து வருடப் பயங்களையும் சேர்த்து.

5

அழிப்பதற்கு ஒரு முறை வகுத்தோம். உரியவரிடம் கேட்பது. ஒரு மாதமாக எந்தப் புரோகிராமாவது அந்த டேபிளைத் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு பெயரை மட்டும் மாற்றி ஒரு வாரம் விட்டுவைப்பது. யாரும் கூச்சல் போடவில்லை என்றால் அழிப்பது. வியாழக்கிழமை ரயிலை மனதில் வைத்து அந்த ஒரு வாரத்தை மூன்று நாளாகக் குறைத்தேன். பூஜா கனடாவிலிருந்து கும்பிடும் பொம்மை அனுப்பி, அழித்துவிடுங்கள் என்றாள். திங்கள் மாலைக்குள் மற்றவர்களின் பிரதிகள் போய்விட்டன.

செவ்வாய் காலை பேக்கப் ஆறு நாற்பதுக்கு முடிந்தது. முதல் நாள் வெற்றி. ஆனால் கைவசம் இருந்தது இருபது நிமிடம்தான். புதன்கிழமை கொஞ்சம் நீண்டுவிட்டால்? மின்சார ரயிலில் லிங்கம்பள்ளியிலிருந்து ஹைடெக் சிட்டி வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன். மிச்சமிருந்தவற்றில் ஆகப் பெரியது என் பெயர் தாங்கியது. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. என்னுடையதைப் பற்றி நான் யாரிடம் கேட்க? கேட்கவில்லை. எந்தப் புரோகிராமாவது அதைத் தொடுகிறதா என்றும் பார்க்கவில்லை, பெயர் மாற்றிப் பார்க்கவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு அழித்தேன்.

பன்னிரண்டே காலுக்கு அஃப்ரோஸின் போன் அடித்தது. ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை அறிக்கை எதுவும் திரையில் வரவில்லை. அடுத்து இன்னொன்றிலிருந்து அழைப்பு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் ரத்தத்தில் பிளேட்லெட் எத்தனை என்று கேட்டு ஒரு தாய் கவுண்டரில் நிற்கிறாராம். அஃப்ரோஸ் இதை என்னிடம் சொல்லும்போதே நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சோதனைக் கருவியில் எண் அப்படியே இருந்தது. லேபில் இருந்தவர்கள் போனிலேயே டாக்டருக்குப் படித்துச் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நான் உறுதியாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் உட்கார முடிந்தது.

நடந்தது இதுதான். ஏழு வருடத்துக்கு முன் அறிக்கைகளைப் பதிந்து அச்சிடும் புரோகிராமை ஒரு வாரம் எடுத்து மாற்றினோம். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அது பிரதியைப் பார்த்து ஓடட்டும், பிறகு அசலுக்குத் திருப்பிவிடலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். திருப்பவில்லை. ஏழு வருடமாக எல்லாப் புது அறிக்கைகளும் என் பெயரிட்ட பிரதியில்தான் விழுந்துகொண்டிருந்தன. அசல் என்று நான் நம்பியது அந்த வாரத்தோடு நின்றுபோயிருந்தது. ஏன் திருப்பவில்லை என்று தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதியை என்னால் மறக்க முடியாது. பதினோரு வயது அனுவுக்கு டெங்கு என்று லலிதா போன் செய்த நாள். லேப்டாப்பை மூடக்கூட இல்லாமல் ஓடினேன். பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது இந்தச் சின்ன வேலை என் தலையிலேயே இல்லை. நானும் அன்று ஒரு கவுண்டரில் இதே எண்ணுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று காலை ஆறு நாற்பதுக்கு முடிந்த பேக்கப்பை வேறொரு சர்வரில் பிரித்து வைத்து, அதன்பின் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைத்திருக்கும் குறிப்பிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்புவரை கொண்டுவந்து, அந்த ஒரு டேபிளை மட்டும் எடுத்து அதன் இடத்தில் திரும்ப வைத்தோம். மூன்றரை மணி நேரம். என்னைக் கட்டளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு அஃப்ரோஸ் தட்டினாள். என் விரல்களை அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. நடுவில் ஒருமுறை, "சார், அழிக்கிறப்ப மட்டும் நல்லா ஸ்பீடா இருந்துச்சு, இல்ல?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். அந்த மதியம் நான் சிரித்தது அப்போதுதான்.

மேனேஜரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லா அறிக்கையும் பேக்கப்பிலிருந்து வந்துவிட்டதா என்று அவர் கேட்டார். வந்துவிட்டது என்றேன். "அப்போ பேக்கப் வேலை செய்யுது" என்றார். மறுநாள் காலை ஆறரைக்கு அது முடிந்ததும், மூன்று நாள் கணக்கெல்லாம் இருக்கட்டும், நீங்கள் மகளோடு போங்கள் என்று அவரே சொன்னார்.

நான் போகவில்லை. என் பெயரில் இன்னும் முப்பத்தொரு டேபிள் இருந்தது. அவற்றில் எதற்குள் எது உயிரோடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எழுதிவைத்த குறிப்பு கிடையாது. தெரிந்தவன் ஒருவன்தான், அவனும் மறதிக்காரன் என்று நிரூபணமாகியிருந்தது. அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போய் ஜன்னல் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

அனுவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு அழித்த கதையை முழுக்கக் கேட்டாள். டெங்கு வந்த இடத்தில் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அப்பா, அப்போ இது நா ஃபால்ட்டா?"

"இல்லம்மா. ஓம் மேல என்ன தப்பு?"

"நேனு சூஸ்குண்டானு, அப்பா" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். நகல்களைச் சொன்னாளா, ஹாஸ்டலைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

6

வியாழன் மதியம் செகந்திராபாத் நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்டேன். தாயும் மகளும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். என் டிக்கெட் ரத்தானதால் காலியான இருக்கையில் ஒரு ராணுவக்காரர் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் நம்பிக்கையாக இருந்ததால் பெட்டிகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி கேட்டேன். லலிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜின் மேல் இரண்டு கோப்புகள். மூன்றாவது நகலும் நான்காவது நகலும். மேலே மஞ்சள் துண்டுத்தாள். எங்கள் டேபிள்களுக்குப் பெயர் வைக்கும் அதே முறையில், சர்ட்டிஃபிகேட்ஸ், காப்பி, அப்பா, தேதி என்று இங்கிலீஷில் அனு கோடு கோடாக இணைத்து எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி: யாரும் யூஸ் பண்ணவில்லை, செக் பண்ணிவிட்டேன், அழிக்கலாம்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சமையலறையிலேயே நின்றேன். அழிக்கவில்லை. பெயரை மாற்றாமல் பரணில் போட்டேன். ஒரு மாதம் பார்ப்போம்.

வெள்ளி காலை பதினோரு மணிக்கு லலிதா கல்லூரியிலிருந்து போன் செய்தாள். அப்போது நான் என் பெயரிட்ட டேபிள்களில் பதினான்காவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்க்கை முடிந்துவிட்டதாம். ஹாஸ்டலுக்குத் தனியாக இன்னொரு நகல் கேட்டார்களாம்.

"சொன்னேனே" என்றேன். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அஃப்ரோஸ் திரும்பிப் பார்த்தாள்.

"ஹவ், ஹவ், சொன்னீங்க" என்றாள் லலிதா. "கேளுங்க மொதல்ல. கடை எங்கன்னு நான் ஒரு ஆட்டோக்காரர்கிட்ட கேக்கப் போனேன். இவ என் கையப் பிடிச்சு நிறுத்திட்டா. எதிர்ல ஒரு போர்டு, முழுக்கத் தமிழ். ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுக் கூட்டுறா. ந, க, ல, க, ம். அப்புறம் என்னைப் பாத்து, மம்மி, இது அப்பா சொல்ற வார்த்தைங்கிறா. நேரா உள்ள போய்ட்டா."

அனுவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். பின்னால் வண்டிச் சத்தமும் யாரோ தமிழில் சில்லறை கேட்பதும் கேட்டது.

"எத்தனை எடுத்தம்மா?"

"டூ செட், அப்பா."

"ஒண்ணுதானே கேட்டாங்க?"

கொஞ்சம் தயங்கினாள். "ஊரிகே" என்றாள். தெலுங்கில் சும்மாதான் என்று சொல்வது அது. பிறகு, நான் மொழிபெயர்த்துக்கொள்ளக் கஷ்டப்படுவேனோ என்று நினைத்தவள் போல, "சும்மா, அப்பா. இருக்கட்டும்" என்றாள்.

அன்று காலை பேக்கப் ஐந்து ஐம்பதுக்கே முடிந்திருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல மறந்துவிட்டேன். ஜன்னல் தாழ்ப்பாளைப் பற்றியும் கேட்கவில்லை.